பறவைக்கு ஒரு மடை

சிங்கப்பூர்,
ஜனவரி 18

அன்புள்ள பாட்டாவுக்கு,

நான் நலம். போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் காது கேட்கவில்லை என்று அம்மா சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம். அவளையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

வேலை ஒருமாதிரி போகிறது. மீன்குழம்பு மட்டும் எத்தனை தேங்காய் அரைத்தாலும் நம் வீட்டு ருசிக்கு வரமாட்டேன் என்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை, அறையில் கூட இருக்கும் தஞ்சாவூர்க்காரர் பறவை பார்க்கக் கூட்டிப்போனார். தேரூர்க் குளத்தங்கரையில் வளர்ந்தவனுக்கு நாரையும் கூழைக்கடாவும் புதுசா என்று முனகிக்கொண்டேதான் கிளம்பினேன்.

இடத்தின் பெயர் சுங்கை பூலோ. அலையாத்திக் காடு, சேறு, கடலுக்கு அக்கரையில் மலேசியாவின் கட்டடங்கள். முன்பு இறால் பண்ணையாக இருந்ததாம். 1986இல் பறவை பார்க்கப் போன சிலர் இங்கே வந்திறங்கும் கூட்டத்தைக் கண்டு, இதை அழிக்காதீர்கள் என்று அரசிடம் கேட்டிருக்கிறார்கள். 1993இல் பூங்காவாகத் திறந்தார்கள்.

உங்களுக்குப் பிடித்த விஷயம் இனிமேல்தான். அந்த இறால் குளங்களுக்கு மடை உண்டு. கடல் வற்றும்போது பறவைகள் வெளிச்சேற்றில் பரவி இரை பொறுக்கும். கடல் ஏறினால் சேறு முங்கிவிடும், கால் வைக்க இடமிருக்காது. அந்த நேரத்துக்கு உள்குளத்தில் மடையால் தண்ணீரைக் குறைத்து வைத்திருப்பார்கள். அத்தனையும் பறந்து வந்து அங்கே இறங்கும். நடுராத்திரி மண்வெட்டியும் டார்ச்சுமாக நீங்கள் வயலுக்கு மடை திறக்கப் போவீர்களே, இங்கே உள்ளான் பறவைக்காக மடை பார்க்கிறார்கள் பாட்டா!

பலகைத் தட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தோம். பவளக்கால் உள்ளான் கூட்டம் கூட்டமாக ஒற்றைக்காலில் தூங்கியது. பக்கத்தில் ஒருவகை உப்புக்கொத்தி. சைபீரியாவின் வடகோடியில் முட்டையிடுகிற பறவையாம், உள்ளங்கையில் அடங்கிவிடும்போல இருக்கிறது. தண்ணீரில் ஒரு கட்டை மிதக்கிறதே என்றேன். "அது முதலை" என்றார் தஞ்சாவூர்க்காரர். அதற்குப் பிறகு நான் நடைபாதையின் நடுவிலேயே நடந்தேன்.

இந்த உள்ளான்கள்தான் நம் மணக்குடிக் காயலுக்கும் வருமா என்று கேட்டேன். இனம் அதேதான், ஆனால் அதே பறவைகள் என்று சொல்ல முடியாது, பறவைகள் வலசை போகும் வழிகளில் உங்கள் ஊர் மத்திய ஆசிய வழியில் இருக்கிறது, இது கிழக்காசிய வழி என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நம் சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நாற்றை மிதிக்கிறது என்று நீலத் தாழைக்கோழியைத் தகரம் தட்டி விரட்டியதுதான் நமக்குத் தெரிந்த பறவை பார்த்தல். அதை அவரிடம் சொல்லவில்லை.

கும்பப்பூ அறுப்பு எப்போது? அதற்குள் லீவு கிடைத்தால் வருகிறேன், ஒரு பைனாகுலரும் வாங்கி வருகிறேன். அப்புறம் ஒன்று. கால் சிவப்பாக, ஆளைக் கண்டதும் கத்திக்கொண்டே பறக்குமே, அதற்கு நம் ஊரில் என்ன பேர்? அம்மாவிடம் சொல்லி எழுதி அனுப்புங்கள்.

உங்கள் பேரன்