முதல் சிறுநீர் ஆகாது, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நலவாழ்வுப் பகுதியில், சிறுநீர்ப்பைப் புற்றுநோயைச் சிறுநீரிலேயே கண்டுபிடிப்பது பற்றிக் கட்டுரை வந்திருந்தது. அதில் ஒரு வரி: ‘காலையில் எழுந்ததும் கழியும் முதல் சிறுநீரைப் பிடித்து லேபில் கொடுத்தால் போதும்.’ யூரின் சைட்டாலஜிக்கு, அதாவது சிறுநீரில் உதிரும் செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பரிசோதனைக்கு, ஆகாத சிறுநீர் ஒன்று உண்டென்றால் அது இதுதான். தாங்கள் அறியாததல்ல, அச்சுக்குப் போகும் அவசரத்தில் கண்ணில் படாமல் போயிருக்கும்.

இரவு முழுக்கப் பையில் கிடக்கும் நீரில் செல்கள் ஊறிச் சிதைந்துவிடும். செல்லின் நடுவிலுள்ள கருவின் விளிம்பு கோணலா, அதற்குள்ளிருக்கும் மரபுப் பொருளான குரோமாட்டின் திப்பிதிப்பியாக இருக்கிறதா, செல்லின் அளவுக்குக் கரு மிகப் பெரிதாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற பரிசோதனை இது. செல்லே குலைந்திருந்தால் பேதாலஜிஸ்ட் எதைப் பார்த்து எழுதுவார்? காசநோய்க் கிருமியைத் தேடவும் வீட்டில் கர்ப்பம் பார்க்கவும் முதல் சிறுநீர் சரி. அங்கிருந்த குறிப்பை இங்கே ஒட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.

முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு, இரண்டு மூன்று தம்ளர் தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் நடமாடிய பிறகு வருவதைப் பிடிக்க வேண்டும். 30 மில்லிக்குக் குறையக் கூடாது. 50, 100 இருந்தால் நல்லது. டப்பாவின் அடியில் அஞ்சு மில்லி கொண்டுவந்து கொடுத்துவிட்டு ‘ரிப்போர்ட் நார்மல்தானே?’ என்று கேட்பதில் பயனில்லை. உடனே லேபுக்கு வர முடியாதென்றால் ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃபிரீசரில் கூடாது. உறைந்தால் செல் வெடித்துவிடும். இன்னும் தாமதமாகும் என்றால் லேபில் கேட்டு, சிறுநீரின் அளவுக்குச் சம அளவு 50 சதவீத ஆல்கஹால் சேர்க்க வேண்டும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி அடியில் தங்குவதைத்தான் ஸ்லைடில் எடுக்கிறோம். சிறுநீரில் புரதம் குறைவு என்பதால் செல்கள் கண்ணாடியில் ஒட்டாமல் சாயத்தோடு கழுவிப் போகும். அதனால் ஒட்டவைக்கும் புரதமான ஆல்புமின் பூசிய ஸ்லைடு, அல்லது செல்களைச் சுழற்றி நேராக ஸ்லைடிலேயே படியவைக்கும் சைட்டோஸ்பின் கருவி. ஈரம் காயும் முன் 95 சதவீத ஆல்கஹாலில் போட வேண்டும். காய்ந்துவிட்டால் கரு பரந்து, நல்ல செல்லும் சந்தேகத்துக்குரியதாகத் தெரியும்.

‘இனி குழாய் விட்டுப் பார்க்கும் சித்திரவதை இல்லை’ என்றும் கட்டுரை மகிழ்கிறது. சைட்டாலஜி நேற்று வந்ததல்ல. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தேடும் பாப் ஸ்மியருக்குப் பெயர் தந்த அதே பாபனிகொலாவும் மார்ஷலும் 1945லேயே எழுதிவிட்டார்கள். அன்று முதல் இன்றுவரை அதன் பலவீனமும் ஒன்றுதான். தீவிரம் குறைந்த கட்டியின் செல்கள் நல்ல செல்லைப் போலவே இருக்கும், எளிதில் உதிராது. ரிப்போர்ட் ‘நெகட்டிவ்’ என்று வந்தாலும் உள்ளே கட்டி இருக்கலாம். தீவிரமான வகைகளில் ஒன்றோ, பையின் உட்சுவரில் தட்டையாகப் படர்ந்து, குழாய் விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பிக்கே சில சமயம் டிமிக்கி கொடுக்கும். அதை ஸ்லைடு காட்டிக்கொடுக்கும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்? மரப்பு ஜெல்லி விட்டு, வளையும் குழாயால், சில நிமிடங்களில் முடிகிற சிஸ்டோஸ்கோப்பியைச் சித்திரவதை என்று எழுதினால் போக வேண்டியவரும் போகமாட்டார்.

சொட்டு விட்டுப் பார்க்கும் கிட்டுகளுக்கும் பாராட்டு மழை. அவற்றில் ஒன்று தேடும் என்எம்பி 22 என்பது செல் சாகும்போது வெளிவரும் புரதம். கல் இருந்தாலும் கிருமித்தொற்று இருந்தாலும் செல்கள் சாகத்தான் செய்யும். பிடிஏ என்ற இன்னொரு கிட்டுக்குச் சிறுநீரில் ரத்தம் கலந்திருந்தாலே போதும், பாசிட்டிவ். ரத்தம் போகிறதே என்றுதானே பரிசோதனைக்கே வருகிறார்கள்! ஒரு பேச்சுக்கு, ஆயிரம் பேரில் ஐந்து பேருக்கு நோய் என்று வையுங்கள். நோயில்லாதவர்களில் நூற்றுக்கு இருபது பேரைத் தவறாகக் காட்டும் கிட், 199 பேரின் தூக்கத்தைக் கெடுக்கும். அதே பக்கத்தின் அடியில் ‘முழு உடல் பரிசோதனை’ விளம்பரம் இருந்தது தற்செயல் என்றே நம்புகிறேன்.

சொல்ல வந்தது ஒரு வரியைப் பற்றி. ஆனால் உங்கள் வைத்தியக் குறிப்புப் பகுதியில் முன்பு, சிறுநீரில் வலியில்லாமல் ரத்தம் போனால் ‘உடல் சூடு, இளநீரும் ஊறவைத்த வெந்தயமும் போதும்’ என்று வந்ததே, அதற்கு இன்றுவரை ஒரு மறுப்பு உண்டா? இந்தக் கட்டியிலிருந்து வரும் ரத்தம் தானாக நிற்கும், வாரக்கணக்கில் வராமலும் இருக்கும். நின்றதற்கு இளநீர் பெயர் வாங்கிக்கொள்ளும். பெண்களுக்கென்றால் ‘நீர்க்கடுப்பு’ என்று, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் ஒன்றும் வளராதபோதும், ஆன்டிபயாட்டிக் மூன்று கோர்ஸ் முடிந்திருக்கும். ஐம்பதைத் தாண்டிய, பீடி சிகரெட் பழக்கமுள்ள ஒருவர் உங்கள் குறிப்பை நம்பி எத்தனை மாதம் இளநீர் குடித்தாரோ. இந்தக் கட்டுரையிலும் சிறுநீரகம், சிறுநீர்ப்பை இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். படத்தில் இருப்பது சிறுநீரகம்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ‘முதல் சிறுநீர் வேண்டாம், இரண்டாவது, 30 மில்லிக்குக் குறையாமல்’ என்று அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே பொடி எழுத்தில் அல்ல, அதே நலவாழ்வுப் பகுதியில்.

இப்படிக்கு,
சைட்டாலஜி டெக்னீஷியன் ஒருவர்,
திருச்சி