கோத்தர் இசையைக் கோத்தர்களிடம் கொண்டு போங்கள்

நாட்டார் இசைப் பதிவுகளைப் பாதுகாத்துவரும் ஆவணக் காப்பகங்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

நீலகிரியில் ஏழு ஊர்களில் வாழ்கிறவர்கள் கோத்தர்கள். அவர்களுடைய இசை உங்களில் சிலரிடம் ஒலிநாடாவாகவும் கணினிக் கோப்பாகவும் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு அந்த ஊர்களுக்குப் போங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

தபாலில் ஒரு நகல் அனுப்பினால் தீர்ந்துவிடும் காரியம் இல்லை இது. கோத்தர்கள் ஊதும் ‘கொள்’ நம் நாதஸ்வரத்தைப் போலச் சீவாளி வைத்த குழல். ஊதுகிறவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூச்சு அறுபடாமல் ஊதிக்கொண்டே போவார். பக்கத்தில் ‘டோபர்’ என்ற முழவும் ‘தபட்க்’ என்ற பறையும் சேர்ந்துகொள்ளும். பறையை நெருப்பில் காட்டித் தோலை முறுக்கேற்றிய பிறகுதான் அடிப்பார்கள். கொள்ளின் மெட்டு ஒவ்வொரு அடிக்கும் கட்டுப்பட்டு நடப்பதில்லை. நீண்டும் குறுகியும் தன் போக்கில் போய், சில இடங்களில் மட்டும் தாளத்தோடு வந்து சேரும். எந்த இடத்தில் சேரவேண்டும் என்பது வாசித்து வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். பதிவைச் சுத்தப்படுத்துகிறோம் என்று பறையை அமுக்கிக் குழலை மட்டும் தூக்கிவைத்தால் அந்த இசையின் முதுகெலும்பே போய்விடும். எனவே ஒலியைத் திருத்தும்போதும் குறிப்பு எழுதும்போதும் அவர்கள் உங்கள் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

‘பழங்குடி இசை, நீலகிரி’ என்று ஒரே வரியில் முடித்துவிடும் குறிப்புகளைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. தோடர், இருளர், குறும்பர், கோத்தர் எல்லாரையும் ஒரே பெட்டியில் அடைத்தால் எப்படி? ஊதியவர் யார், எந்த ஊர், என்ன சடங்கு என்று ஊராரைக் கேட்டு எழுதுங்கள். பழைய பதிவில் ஒலிப்பவரின் பேரன் இன்று அதே ஊரில் கொள் ஊதிக்கொண்டிருக்கலாம்.

இன்னொன்று, எனக்கு இதுதான் மிக முக்கியம். சாவுக்கு வாசிக்கும் மெட்டுகள் கோத்தர்களிடம் தனியாக உண்டு. சாமிக்கு வாசிப்பதும் தனி. சாவு மெட்டை நினைத்த நேரத்தில் ஊருக்குள் வாசிப்பது அவர்களுக்கு ஆகாது. அதையே யார் வேண்டுமானாலும் இணையத்தில் தட்டிக் கேட்கும்படி நாம் போட்டுவைக்கலாமா? எதைப் பொதுவில் வைப்பது, எதைப் பூட்டிவைப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ஆய்வாளர்களுக்கு அதனால் சிரமம் வரும்தான். வந்தால் பொறுத்துக்கொள்வோம்.

ஒரு காலத்தில் நீலகிரியின் இன்னொரு சமூகமான படகர்களின் வீட்டுச் சாவுக்கும் கோத்தர்கள்தான் வாசித்தார்கள். 1930களில் படகர்களில் சீர்திருத்தம் பேசியவர்கள் அந்த வழக்கத்தை எதிர்த்தார்கள். வாசிக்கும் சந்தர்ப்பங்கள் குறைந்தன. சந்தர்ப்பம் போனால் அதற்கென்று இருந்த மெட்டு கையை விட்டுப் போக எவ்வளவு நாளாகும்? உங்கள் அலமாரியில் இருக்கும் பழைய நாடா அந்த ஊர்களுக்கு எவ்வளவு வேண்டியது என்பதை இதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. டச்சு அறிஞர் ஆர்னால்ட் பாக்கே 1938-39இல் தென்னிந்தியாவில் செய்த பதிவுகளோடு, இசை ஆய்வாளர்கள் நசீர் ஜைரஸ்பாயும் ஏமி கேட்லினும் 1984இல் அதே வழியில் திரும்பவும் பயணம் போனார்கள். வெளிநாடுகளில் கிடந்த இந்திய இசைப் பதிவுகளின் நகல்களை இங்கே வரவழைப்பதற்கென்றே 1982இல் ஒரு காப்பகமும் தொடங்கப்பட்டது. நாட்டுக்குள் வந்த ஒலி மலையேறி ஊருக்குள்ளும் போகவேண்டும், அவ்வளவுதான்.

கிளம்புவதற்கு முன் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லி, நாள் கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் அவர்களுடைய தெய்வமான கம்பட்டராயருக்குத் திருவிழா வரும், அந்த நாட்களில் தொந்தரவு வேண்டாம். பதிவுகளோடு ஒலிபெருக்கியையும் நீங்களே கொண்டு போங்கள். உட்கார்ந்து கேட்டு விளக்கம் சொல்கிறவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கோத்தர் இசையை நேசிக்கும் ஒருவன்