சிவப்பாகும் விநாடிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

1997 இல் ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் ஸ்ரீலங்கா ரெலிகொம்மின் ஏறக்குறைய 35 சதவீதப் பங்குகளை வாங்கி அதன் முகாமைத்துவத்தையும் ஏற்றபோதும், 2024 இல் டயலொக்குடன் எயார்டெல் லங்கா இணைந்தபோதும், பங்குகளையும் கோபுரங்களையும் பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு உள்ளே இருப்பவர்களின் வேலைப் பழக்கம் பற்றிப் பேசப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

என் பெறாமகள் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் தமிழ் அழைப்புகளுக்குப் பதிலளிக்கிறாள். அழைப்பு குறித்த நேரத்தைத் தாண்டினால் அவளது கணினித் திரையின் மூலையிலுள்ள விநாடிகள் சிவப்பாக மாறிவிடும். மீள்நிரப்பிய பணம் காணாமற்போனதை நிதானமாக விளக்க முற்படும் முதியவரிடம், "முறைப்பாட்டைப் பதிந்துவிட்டேன் ஐயா" என்று சொல்லி அழைப்பை முடிப்பதே அங்கு திறமை. பிரச்சினை தீர்ந்ததா என்பதை எவரும் கணக்கெடுப்பதில்லை. (அதே முதியவர் மறுநாளும் அழைத்தால் அது புதிய அழைப்பாம்!)

சேவைத் தரத்தைக் கண்காணிக்கும்போது, ஒரே முறைப்பாட்டுக்கு வாடிக்கையாளர் எத்தனை தடவை அழைக்க நேர்ந்தது என்பதையும் நிறுவனங்களிடமிருந்து கேட்டுப்பெறுமாறு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.