ராஜியிடம் நீதான் பேச வேண்டும்

அன்புள்ள கோமதி,

நலம், நீயும் நலமென நம்புகிறேன். இத்தனை மாதம் எழுதாதவள் இன்று மட்டும் ஏன் எழுதுகிறாள் என்று கோபிப்பாய். கோபித்துக்கொண்டே முழுவதையும் படி. ராஜி கீமோதெரபியைப் பாதியில் நிறுத்திவிட்டு, இலைச்சாற்றில் தயாரித்த வெள்ளி நானோதுகள் (கண்ணுக்கே தெரியாத நுண்ணிய வெள்ளித் துகள்) கரைசலைக் குடிக்கப் போகிறாளாம். "செடி தருவது உடம்பைக் கெடுக்காது" என்கிறாள். அவள் பிடிவாதம் உனக்குத் தெரியும்.

அவளுக்கு ஏற்றப்படும் பேக்லிடாக்செல் என்ற கீமோ மருந்தே பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து வந்ததுதான். அதன் மூலக்கூறு அமைப்பு 1971இல் வெளியானது; செல் பிரியும்போது விரிந்து சுருங்க வேண்டிய நுண்குழல்களை அது இறுக்கிவிடுவதால் பிரிதல் நின்றுபோகிறது என்பது 1979இல் தெரிந்தது; அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது 1992இல். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணியிலிருந்து வந்தது. ஆனால் அந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் விஷம். பிரித்தெடுத்து, அளவு கண்டு, மனிதரிடம் சோதித்த பிறகே அது மருந்தானது.

வெள்ளித் துகள்களை நான் இகழவில்லை. வெள்ளி நைட்ரேட் கரைசலில் இலைச்சாற்றை ஊற்றியதும், அதிலுள்ள பாலிஃபீனால்கள் என்னும் தாவரச் சேர்மங்கள் எலக்ட்ரான் தந்து வெள்ளி அயனிகளைத் துகள்களாக்கி, அவற்றின் மேல் உறையாகவும் படிய, கரைசல் பழுப்பேறுவது எத்தனை முறை பார்த்தாலும் அழகு. ஆய்வுத் தட்டில் அவை புற்றுச் செல்களைக் கொல்வதும் உண்மை. ஆனால் வெள்ளி உண்டாக்கும் ஆக்சிஜனேற்றச் சிதைவு நல்ல செல்லையும் விடுவதில்லை. ரத்தத்தில் செலுத்தினாலும் நானோதுகள்களில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. விலங்கு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில், செலுத்தியதில் கட்டியை எட்டிய அளவின் இடைநிலை மதிப்பு 0.7 சதவீதம்தான். பருவம் மாறினால் இலையின் சத்து மாறும், துகளின் அளவும் மாறும். அப்புறம் எதை வைத்து அவள் குடிக்கும் அளவைத் தீர்மானிப்பது? வெள்ளியைத் தொடர்ந்து குடித்தவர்களின் தோல் நிரந்தரமாகச் சாம்பல் நீலமாகியிருக்கிறது. இப்படித் தயாரித்த துகள் எதுவும் புற்றுநோய் மருந்தாக இன்றுவரை அனுமதி பெறவில்லை.

நானோ என்றால்தான் நம்புவாள் என்றால், ஆல்புமின் புரதத்தோடு பிணைத்த 130 நானோமீட்டர் பேக்லிடாக்செல் 2005 முதல் இருக்கிறது என்று சொல்; அது தனக்கு ஏற்றதா என்று தன் மருத்துவரிடமே கேட்கட்டும். அந்த வெள்ளிக் கரைசல் புட்டியையும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொல். நான் சொன்னால் வாதாடுவாள், நீ சொன்னால் கேட்பாள். கீமோவின் அடுத்த சுற்று திங்கட்கிழமை. அதற்கு முன் பேசிவிடு.

அன்புடன்,
வசந்தா