டர்பன்ல ஒரு கட்டைப் பிரம்மச்சாரி

ஏட்டி செல்வி,

அண்ணனுக்கு சுகர் குறைஞ்சுதா, அத்தை முழங்கால் தேவலையா, எல்லாரையும் கேட்டேன்னு சொல்லிரு. இங்க நாங்க நல்லா இருக்கோம், இவியளுக்கு மட்டும் துறைமுகத்துல வேலை தலைக்கு மேல. உன் வாய்ஸ் நோட் எல்லாத்தையும் கேட்டேன், திட்டுனதையும் சேத்துதான். ரெண்டு வரியில பதில் போட்டா அதுக்கும் ஒரு வாய்ஸ் நோட் வரும்னு தெரியும், அதான் உக்காந்து எழுதுதேன், பொறுமையா படி, ஸ்டாஃப் ரூம்ல வெச்சுப் படிச்சா சிரிப்ப, வீட்ல போய்ப் படி.

விசயம் என்னன்னா, நான் அதைப் பாத்துட்டேன். என்செஃபலார்டோஸ் வூடி, நம்ம சைக்கஸ் சேந்த அதே சைக்காட் கூட்டம். கொம்பன் சார் ஜிம்னோஸ்பெர்ம் கிளாஸ்ல "பொண்டாட்டி இல்லாத மரம் ஒண்ணு இருக்குலா" ன்னு ஆரம்பிச்சு, பிரேமாவைப் பாத்து நிறுத்தி, அவ அழுது, நாம எல்லாரும் எச்.ஓ.டி ரூமுக்குப் போனோமே, அதே மரம். இந்த ஊருக்கு வந்த நாள்ல இருந்து இவியகிட்ட பொட்டானிக்கல் கார்டனுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லுதேன், மனுசன் கடற்கரைக்கே வண்டியத் திருப்புதாவ. கடைசியில நானே டாக்ஸி பிடிச்சுப் போயிட்டேன்.

போன நேரம் பாரு, கூம்பு விட்டு நிக்குட்டி! படத்துல பாக்கும்போது நம்ம சைக்கஸ் மாதிரிதான் இருக்கும்னு நெனச்சேன், கிட்டப் போனா அது வேற சாதி. தண்டு ஆளை விட நல்ல உசரம், அடியில அகலம் ஜாஸ்தி, கருப்பா சொரசொரன்னு பழைய ஓலை விழுந்த தழும்பு. ஓலை ஒவ்வொண்ணும் ரெண்டு மீட்டர் நீளம், பளபளன்னு கரும்பச்சை, வளைஞ்சு தொங்குது. அதுக்கு நடுவுல கூம்பு, ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு கொத்தே, ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த கலரு, ஒவ்வொண்ணும் முழ நீளத்துக்கு மேல. பக்கத்துல ஸ்கூல் பிள்ளையளக் கூட்டிட்டு வந்த டீச்சர் அண்ணாசிப்பழமான்னு கேட்டுச்சு. எனக்கு நம்ம பிராக்டிகல் ஞாபகம் வந்துட்டு. சைக்கஸோட பவள வேரை டி.எஸ், அதான் குறுக்க மெல்லிசா, வெட்டி, கார்டெக்ஸ் நடுவுல அந்தப் பச்சை வளையம் தெரியணும், நீலப்பச்சைப் பாசி, தெரியலைன்னா மார்க் கிடையாது, நீ உன் ஸ்லைடை எனக்குத் தள்ளி விட்டது இன்னைக்கும் யாருக்கும் தெரியாது.

சரி, கதைக்கு வாரேன். உனக்குப் பாதி தெரியும், ஆனா இங்க வந்து படிச்சப்போதான் எனக்கு வயிறு கலங்கிச்சு. ஜான் மெட்லி வூட்னு ஒரு ஆளு. பெரிய பட்டம் வாங்கின புரொஃபசர்லாம் கிடையாது கேட்டியா, கொஞ்ச காலம் கப்பல்ல வேலை, 1852ல இங்க நேட்டாலுக்கு வந்து விவசாயம் பாத்து, இனாண்டாவுல கடை வெச்சு, அப்படியே பெரணிச் செடியா பொறுக்கிப் பொறுக்கி, 1882ல டர்பன் தோட்டத்துக்கே கியூரேட்டர் ஆயிட்டாரு. 1895ல ங்கோயேன்னு ஒரு காடு, டர்பனுக்கு வடக்க, ஜூலு பிரதேசம், அதோட ஓரத்துல செங்குத்தான சரிவுல இந்தச் செடியப் பாக்காரு. ஒரே ஒரு தூர். அதுல நாலு தண்டு. அவ்வளவுதான். அந்தக் காடு முழுக்க வேற ஒண்ணு கிடையாது, அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் எவனும் இன்னொண்ணக் காட்டுல பாத்தது கிடையாது.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, ஒரு பக்கம் லண்டன்ல இருக்க கியூ தோட்டத்துக்கு 1899ல ஒண்ணு போகுது. 1903ல வூட் தன் கீழ வேலை பாத்த ஜேம்ஸ் வைலிய அனுப்பி அடியில வந்த பக்கக்கன்னு எடுத்தாரு, நம்ம வாழைக்கு எடுப்போம்ல அப்படித்தான். 1907ல திரும்பவும் போய் பெரிய தண்டுலயே ரெண்டைத் தூக்கிட்டு வந்தாச்சு. இதெல்லாம் நடக்கும்போது செடிக்கு முறையா ஒரு பேரே இல்ல! 1908லதான் பேரு வெக்காவ, அதுவும் யாரு, சாண்டர், இங்கிலாந்துல ஆர்க்கிட் வித்துப் பெரிய ஆளான நர்சரிக்காரர். வூட் பேருல வூடி. ஆக பேரு வெக்கும்போதே காட்டுல பாதி காலி. 1912ல மிச்சம் ஒரே ஒரு தண்டு, மூணு மீட்டர் உசரம், அதையும் மருந்துக்குன்னு அந்தப் பக்கத்து ஆள்க பட்டைய உரிச்சு உரிச்சு ஒரு வழி பண்ணியாச்சு. 1916ல ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட் அதையும் பேத்து பிரிட்டோரியாவுக்கு அனுப்பிட்டு. அங்க நட்டாவ, 1964ல அது செத்துப் போச்சு. பேரு கிடைச்ச எட்டே வருசத்துல காட்டுல அது இல்லாமப் போச்சுட்டி.

நான் தோட்டத்து பெஞ்சுல உக்காந்து இதை யோசிச்சுட்டே இருந்தேன், கோவப்படவா கும்பிடவான்னே தெரியல. காட்டுல விட்டிருந்தா பட்டை உரிச்சே முடிச்சிருப்பாவ, டர்பன்ல அந்தப் பக்கக்கன்னு நட்டதாலதான் நான் இன்னைக்கு அதைப் பாக்கேன். ஆனா கடைசித் தண்டையும் எதுக்குடா பேத்தீங்க, அந்தச் சரிவுல அது பாட்டுக்கு நின்னுருந்தா என்ன, வேலியப் போட்டிருக்கலாம்லா? வூட் மேல எனக்கு அவ்வளவு கோவம் இல்ல, அந்த ஆளு செடிக்காகத்தான் எடுத்திருக்காரு. பிரிட்டோரியாவுக்கு அனுப்புனவன் மேலதான் ஆத்திரம்.

இப்ப இதுல பெரிய கொடுமை என்னன்னா, சைக்காட்ல ஆண் தனிச் செடி, பெண் தனிச் செடி, இதுல நாலு தண்டும் ஆண். ஒரே தூர்ல வந்தது அப்படித்தான இருக்கும். இன்னைக்கு உலகத்துல எந்தத் தோட்டத்துல வூடி நின்னாலும் எல்லாம் அந்த ஒத்தைச் செடியோட கன்னு, கன்னோட கன்னு. கியூவுல இருக்கது போன அன்னைக்கு இருந்து சும்மா ஓலைதான் விட்டுட்டு இருந்துச்சாம், முதல்முதலா கூம்பு விட்டது 2004ல, 105 வருசம் கழிச்சு. உங்க சின்னக் கொழுந்தன் 41 வயசுல "இப்ப என்ன அவசரம் மயினி"ன்னு கேட்டார்ல, அவர்ட்ட இதைச் சொல்லு, கோவிச்சுக்க மாட்டார்.

பொண்ணு தேடுத படலமும் நடக்கு, சிரிக்காத. இங்கிலாந்துல சவுதாம்ப்டன் யுனிவர்சிட்டி ஆள்க 2022ல இருந்து ங்கோயே காட்டு மேல ட்ரோன் விட்டு, படத்தையெல்லாம் ஏஐகிட்ட கொடுத்து, இந்த ஓலை மாதிரி எங்கயாச்சும் தெரியுதான்னு தேடுதாவ. 10,000 ஏக்கர் காடு, நான் படிச்ச வரைக்கும் 195 ஏக்கர்தான் பாத்து முடிச்சிருந்தாவ. கிடைக்கல. ஜாதகம் பாத்து, தரகர் வெச்சு, மேட்ரிமோனில போட்டு, இப்ப ட்ரோன். கிடைச்சாலும் அது பொண்ணான்னு தெரிய கூம்பு விடுத வரைக்கும் காத்துக் கிடக்கணும், அதுக்கு எத்தன வருசமோ. அதுக்குள்ள பக்கத்து வீட்டு சம்பந்தம் ஒண்ணு முடிச்சாச்சு, என்செஃபலார்டோஸ் நேட்டாலென்சிஸ்னு இந்தப் பக்கம் இருக்குத இன்னொரு சைக்காட், அதோட பெண்கூம்புல வூடி மகரந்தத்தப் போட்டு விதை எடுத்திருக்காவ. வந்த பெண்செடிக்கும் திரும்ப வூடி மகரந்தம். பாதி, முக்கால்னு ஒவ்வொரு தலைமுறைக்கும் வூடி ரத்தம் கூடும். முழுசா ஆகாது, கிட்ட வரும். ஒரு தலைமுறை கூம்பு விட பத்துப் பதினஞ்சு வருசம்னா கணக்குப் போட்டுக்கோ, நாம பாக்க மாட்டோம்.

அந்த ஜப்பான்காரர் இக்கேனோ ஞாபகம் இருக்கா, 1896, சைக்கஸ்ல நீந்துத விந்தணு, ரெண்டு மார்க்? செடியளுக்குள்ளயே பெரிய விந்தணு சைக்காட்லதான், ஆயிரக்கணக்குல சிலியாவோட. டோக்கியோவுல அந்த ஆளு அதை மைக்ரோஸ்கோப்புல பாத்ததுக்கு முந்தின வருசம்தான் இங்க வூட் இந்தத் தூரைப் பாக்காரு. இத்தனையும் ரெடி பண்ணி வெச்சுட்டு, போறதுக்கு ஒரு இடம் இல்லாம, மகரந்தம் கீழ புல்லுல மஞ்சளா கொட்டிக் கிடக்கு. நான் விரலால தொட்டுப் பாத்தேன். கையக் கழுவவே மனசு வரல, அப்புறம் இட்லிக்கு அரைக்கணுமேன்னு கழுவிட்டேன்.

இந்தத் தோட்டமே 1849ல எந்தப் பயிரு இந்த மண்ணுக்கு ஆகும்னு பாக்க ஆரம்பிச்சதுதான். அப்புறம் கரும்பு பிடிச்சுக்கிச்சு, கரும்புக்கு ஆள் வேணும்னு மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல்ல நம்ம சனங்க 342 பேர் 1860 நவம்பர் 16ல டர்பன்ல வந்து இறங்கினாவ. எங்க பக்கத்து வீட்டுப் பாட்டி அந்த வழிதான், தமிழ் ஒரு பத்து வார்த்தை வரும், அதுல ஆறு சாப்பாடு. அவுககிட்ட இந்த மரத்தைப் பத்திச் சொன்னேன், "ஓ, அதுக்குக் கம்பி போட்டாச்சா?"ன்னுதான் கேட்டாவ. ஏன்னா இங்க சைக்காட் திருட்டு பெரிய தொழில்ட்டி, சந்தனக்கட்டை கதைதான். கேப் டவுன்ல கிர்ஸ்டன்பாஷ் தோட்டத்துல 2014ல லேட்டிஃப்ரான்ஸ்னு இன்னொரு அபூர்வ ஜாதிச் செடிய 20க்கு மேல பேத்துட்டுப் போயிட்டானுவ. அங்க இருக்க வூடிய கம்பிக்கூண்டுக்குள்ளதான் வெச்சிருக்காவ. செடிக்குள்ள மைக்ரோசிப் வேற வெக்காவ. பணக்காரன் வீட்டு முற்றத்துல நிக்கதுக்கு ஆசைப்படுதான், அதுக்கு எவனோ ராத்திரி கடப்பாறை தூக்குதான்.

சரி இப்ப உன் விசயம். நீ கடைசி வாய்ஸ் நோட்ல முட்டைக்குழம்பு சொல்லுத மாதிரி சொல்லிட்டுப் போயிட்ட, பாட்டனிக்கு இந்த வருசம் அட்மிஷன் விரல் விட்டு எண்ணிரலாம், டிபார்ட்மென்டை வேற எதோடயோ சேத்துருவாங்க போல, வி.ஆர்.எஸ் குடுத்துரலாமான்னு இருக்குன்னு. அதுக்கப்புறம் மாமியார் கதைக்குப் போயிட்ட. நான் அதுலயே நின்னுட்டேன். ஏட்டி, உனக்கு மட்டும்தான் நம்ம செட்ல இன்னும் கீ போட்டு, இலை பூவ ஒவ்வொண்ணா ஒப்பிட்டு, இது என்ன செடின்னு கண்டுபிடிக்க வரும். நான் எம்.எஸ்சி முடிச்சு இத்தனை வருசத்துல பாத்த ஒரே ஹெர்பேரியம், அதான் செடியக் காய வெச்சு ஷீட்ல ஒட்டிச் சேத்து வெக்கிறது, கறிவேப்பிலை காய வெச்சதுதான். பிரேமா பேங்க்ல இருக்கா. உங்க டிபார்ட்மென்ட் அலமாரியில காம்பிள் வால்யூம், மெட்ராஸ் மாகாணத்துச் செடியெல்லாம் இருக்க புஸ்தகம், தூசியோட இருக்குமே, நாம குத்தாலத்துல பறிச்சதையெல்லாம் அதுல வெச்சுத்தான முட்டி மோதுவோம். இங்க வூடிய பேத்து முடிக்கிற அதே நேரம், 1915ல காம்பிள் அதை ஆரம்பிக்காரு, 1925ல செத்துட்டாரு, ஃபிஷர் எடுத்து 1936லதான் முடிச்சாரு. ரிட்டயர் ஆன ஃபாரஸ்ட் ஆபீசர் உக்காந்து செஞ்ச வேலை. நீ போனா அந்த அலமாரிய யாரு திறப்பா? எடைக்குப் போட்டுருவாவட்டி, நான் சும்மா சொல்லல. வி.ஆர்.எஸ் குடுக்கியோ இல்லையோ, அது உன் உடம்பு, உன் வீடு, நான் சொல்ல முடியாது. ஆனா அதுக்கு முன்ன அந்த ஷீட் எல்லாத்தையும் ஃபோட்டோ எடுத்து வெய்யி, நாம பறிச்சதையும் சேத்து. கோயம்புத்தூர் ஹெர்பேரியத்துக்காரங்ககிட்ட பேசிப் பாரு, வாங்கிக்கிடுவாங்களான்னு. இதுக்கு மட்டும் எனக்கு உடனே பதில் வேணும்.

இன்னொண்ணு. மலர் கல்யாணத்துக்கு வாரேன், டிக்கெட் போட்டாச்சு, இவிய லீவு கிடைச்சா வருவாவ, இல்லைன்னா நான் மட்டும். ஆனா பந்தக்காரன்கிட்ட ஒரு விசயம் கேளு. வாசல் ஆர்ச்சுக்கு சைக்கஸ் ஓலை கட்டுவானுவல்ல, அந்த ஓலை எங்க இருந்து வருதுன்னு கேளு. நர்சரியில வளத்ததுன்னா சரி. மலையில இருந்து வெட்டிட்டு வந்த நம்ம காட்டுச் சைக்கஸ் சர்சினாலிஸ்னா வேண்டாம்னு சொல்லிரு, அதுவும் இப்ப அழியுத லிஸ்ட்ல இருக்கு. ஓலையையும் வெட்டி, டவுன் நாட்டு மருந்துக்கடையில மதனகாமப்பூன்னு ஆண்கூம்பையும் உரிச்சு விக்கானுவ, நம்ம ஊரு ஆம்பளையளுக்குத் தெம்பு வரணும்னு. அண்ணன் வாங்கினாவளான்னு நான் கேக்கல. பந்தக்காரன் மூஞ்சியத் தூக்குனா தென்னங்குருத்தும் வாழையும் கட்டச் சொல்லு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா என் பேரைச் சொல்லிரு.

மலருக்கு முத்தம். உனக்கு இங்க இருந்து என்ன வேணும்னு சீக்கிரம் சொல்லு, லக்கேஜ் கணக்குப் பாக்கணும். விதை கிதைன்னு கேக்காத, சைக்காட் விதை கொண்டு வந்தா ஏர்போர்ட்ல என்னைய உள்ள தூக்கிப் போட்டுருவான்.

கீதா