இரவில் சார்ஜ் போட்டுவிட்டு உறங்காதே

குழித்துறை,
புரட்டாசி 9

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. ஓணத்துக்கு நீ வந்துவிடுவாய் என்று அம்மா இரண்டு நாள் முன்பே நேந்திரங்காய் உப்பேரி வறுத்து டின்னில் போட்டு வைத்திருந்தாள். நீ வரவில்லை. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் எதுவும் கேட்கப் போவதில்லை. அம்மாவின் முழங்கால் வலி முன்போலவே இருக்கிறது, தங்கச்சியின் குழந்தை தவழத் தொடங்கிவிட்டது, வீட்டில் வேறு விசேஷம் இல்லை. போனில் பேசினால் 'சரி அப்பா, சரி அப்பா' என்று சொல்லி வைத்துவிடுகிறாய் என்பதால் எழுதுகிறேன்.

முந்தாநாள் பெரியம்மா மகன் கடைக்கு வந்திருந்தான். நீ கையிலிருக்கும் பேட்டரியில் ஓடும் தச்சு மெஷின்கள் எல்லாவற்றையும் ஒன்றாக விற்றுவிட்டு வேறு கம்பெனிக்கு மாறப் போவதாகவும், பெரும்பாவூரில் வேலை பார்க்கும் ஒரு பையன் விலை பேசிவிட்டுப் போயிருப்பதாகவும், புதியவற்றை மாதத் தவணையில் எடுக்கப் போவதாகவும் சொன்னான். நீ அனுப்பிய படத்தையும் காட்டினான். ட்ரில், திருகு முடுக்கும் இம்பாக்ட் டிரைவர், பலகை அறுக்கும் சர்குலர் சா, வளைவு அறுக்கும் ஜிக்சா, விளிம்பு சீவும் டிரிம்மர், கிரைண்டர் ஆகிய ஆறும், அவற்றின் முன்னால் நான்கு பேட்டரிகளும் துடைத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பொருளை அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறாயே என்று பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த நேரம் முதல் எனக்கு உறக்கம் சரியில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரவில் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு உறங்காதே. வேலை முடிந்து வந்ததும் குளிப்பதற்கு முன் போட்டு, சாப்பிட்டு முடிக்கும்போது கழற்றி வைத்துவிடு. வேலைத் தளத்திலிருந்து சூடாக வரும் பேட்டரியை ஆறுவதற்கு விடாமல் சார்ஜரில் மாட்டாதே. இதை நான் முன்பும் சொல்லியிருக்கிறேன், நீ சிரித்துவிட்டுப் போனாய்.

மகிட்டாவின் 40 வோல்ட் வரிசையை எடுக்கப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கம்பெனியைக் குறைத்துச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 1915-இல் ஜப்பானில் நகோயா நகரத்தில் மோட்டாரும் டிரான்ஸ்பார்மரும் பழுது பார்க்கும் கடையாகத் தொடங்கியதுதான் அது என்பதை நான் அறிந்த நாள் முதல், கடை வைத்து மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கும் என் போன்றவனுக்கு அதன் மேல் ஒரு தனி மதிப்பு உண்டு. ஆனால் 40 என்ற எண்ணைப் பார்த்து நீ மயங்கிவிடக் கூடாது. உன்னிடம் இருக்கும் 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணிப் பேட்டரிக்குள் பத்து செல்கள் இருக்கின்றன. இரண்டிரண்டாகச் சேர்த்த ஐந்து ஜோடிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட் என்ற கணக்கில் 18 வோல்ட் வருகிறது. நீ வாங்க நினைக்கும் 40 வோல்ட், 2.5 ஆம்பியர்-மணிப் பேட்டரிக்குள் இருப்பதும் பத்து செல்தான். பத்தையும் ஒரே தொடராக இணைத்ததால் 36 வோல்ட் வருகிறது. முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டுக்கு மேல் நிற்பதால் அதையே 40 என்று எழுதுகிறார்கள். டீவால்ட் என்ற கம்பெனியின் 20 வோல்ட் மேக்ஸ் என்பதும் அதே முறையில் எழுதிய 18 வோல்ட்தான். 18-ஐ 5-ஆல் பெருக்கினாலும் 36-ஐ 2.5-ஆல் பெருக்கினாலும் 90தான்; இந்த இரண்டு பேட்டரிகளிலும் அடங்கியிருக்கும் மின்சாரம் ஒரே 90 வாட்-மணி. வோல்ட் இரட்டிப்பாகும்போது அதே வேலைக்கு இழுக்கும் ஆம்பியர் பாதியாகிறது, அதனால் வயரும் மோட்டாரும் குறைவாகச் சூடாகின்றன என்பது உண்மை. கான்கிரீட் உடைப்பவனுக்கும் கனத்த தடி அறுப்பவனுக்கும் அது பெரிய உதவி. 19 மில்லிமீட்டர் பிளைவுட் அறுத்து, கீல் வைத்து, அலமாரி பூட்டுகிற உனக்கு 18 வோல்ட் தாராளமாகப் போதும்.

இன்னொன்றையும் கடைக்காரன் உனக்குச் சொல்லியிருக்க மாட்டான். அதே மகிட்டாவின் 18 வோல்ட் பேட்டரி அந்த 40 வோல்ட் மெஷினில் ஏறாது. ஓர் அடாப்டர் வைத்து 40 வோல்ட் சார்ஜரில் 18 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்யலாம், மெஷினில் போட முடியாது. 2005-இல் வந்த 18 வோல்ட் வரிசையை நம்பி வாங்கியவர்கள் இன்றும் அதே வடிவத்தில் புது மெஷின் வாங்குகிறார்கள். ஹிட்டாச்சி மெஷின் என்று எல்லோரும் அறிந்திருந்த பெயர் 2018-இல் ஹைகோகி என்று மாறியபோது, வாங்கி வைத்த பேட்டரி வீணாகிவிடுமோ என்று கடைக்கு வந்து கேட்டவர்கள் உண்டு. பெயர்தான் மாறியது, பழைய 18 வோல்ட் மெஷினில் புதிய பேட்டரி ஏறியது. மெஷினுக்கு ஆயுள் உண்டு, பேட்டரிக்கு அதைவிடக் குறைந்த ஆயுள், அது பொருந்துகிற வடிவத்துக்குத்தான் ஆயுள் கூடுதல். ஆகையால் மெஷினைப் பார்த்து வாங்காதே, பேட்டரியைப் பார்த்து வாங்கு. ஆறு மெஷின் உள்ளவன் கம்பெனி மாறினால் ஆறையும் அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு ஆறையும் முழு விலைக்கு வாங்க வேண்டும். இருப்பதிலேயே நின்றால், பேட்டரி இல்லாத வெறும் மெஷினாக வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். நீண்ட அறுப்புக்குப் பலம் போதவில்லை என்றால் கரண்டில் ஓடும் சர்குலர் சா ஒன்றை வாங்கித் தருகிறேன். மாதத் தவணை எடுக்காதே. மாமா எடுத்த கடன் எப்படி நம் வீட்டு வாசல்வரை வந்தது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய்.

ஒரு கம்பெனியின் பேட்டரியை இன்னொரு கம்பெனி மெஷினில் மாட்டும் பிளாஸ்டிக் அடாப்டர்கள் கிடைக்கின்றன என்று பெரியம்மா மகன் சொன்னான். அதையும் செய்யாதே. சில கம்பெனிகள் பேட்டரி வற்றிப்போகும்போது நிறுத்துகிற பாதுகாப்பை மெஷினுக்குள் வைத்திருக்கும், சில பேட்டரிக்குள் வைத்திருக்கும். இரண்டையும் கலந்தால் நிறுத்தச் சொல்வதற்கு யாரும் இல்லாமல், செல் 2.5 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிக் கெட்டுப்போகும். அப்படிக் கெட்ட செல்லை மறுபடியும் சார்ஜில் போடுவது நல்லதில்லை. இரவில் போடவே கூடாது.

எதை வாங்கினாலும் பில்லோடு வாங்கு. ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பு, 2017 வரை, கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு வரி, இந்தப் பக்கம் ஒரு வரி என்று கணக்குப் பார்த்து வாங்கினோம். இப்போது எங்கே வாங்கினாலும் அதே 18 விழுக்காடுதான். பில் வேண்டாம், அந்த 18-ஐக் கழித்துத் தருகிறேன் என்று எவனாவது சொன்னால், அவன் பெட்டிக்குள் என்ன வைத்திருக்கிறான் என்று உனக்குத் தெரியாது. பில் இல்லாத பேட்டரியைக் கையால் தொடாதே.

மகனே, இந்த வரியை எழுதிய பிறகு அரை மணி நேரம் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு, உன் முதல் வேலையில் வந்த பணத்தை என் கையில் தந்து, கூடுதலாக இரண்டு 5 ஆம்பியர்-மணிப் பேட்டரி நாகர்கோவிலில் வாங்கித் தரும்படி சொன்னாய். நான் நாகர்கோவிலுக்குப் போகவில்லை. அந்த மாதம் மாமாவின் கடனுக்கு வட்டி கட்ட வழியில்லாமல் இருந்தது. பேட்டரி மெஷின்கள் வந்து, அதிலும் கார்பன் பிரஷ்ஷே தேவையில்லாத பிரஷ்லெஸ் மோட்டார் வந்த பிறகு, கார்பன் மாற்றுவதற்கோ ஆர்மேச்சர் கட்டுவதற்கோ கடைக்கு வருகிறவர்கள் எவ்வளவு குறைந்துபோனார்கள் என்பதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. உன் பணம் வட்டிக்குப் போயிற்று. ஒரு கான்ட்ராக்டர் கடையில் போட்டுவிட்டுப் போன செத்த பேட்டரிகள் இரண்டை எடுத்து, உள்ளே இருந்த செல்களைக் கழற்றிவிட்டு, பழைய லேப்டாப் பேட்டரிகளிலிருந்து உரித்த செல்களை நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்து, மேல்மூடியைப் பூட்டி, துடைத்து, புதியது என்று உன்னிடம் தந்தேன். பில் எங்கே என்று நீ கேட்டாய். தெரிந்த கடை, பில் தேவையில்லை என்று சொன்னேன்.

லேப்டாப் செல்லும் மெஷின் செல்லும் பார்வைக்கு ஒன்றுதான், இரண்டும் 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். ஆனால் மெஷின் செல் 20 ஆம்பியர் வரை இழுத்தாலும் தாங்கும்படி செய்யப்பட்டது. லேப்டாப் செல்லில் 5 ஆம்பியருக்கு மேல் இழுத்தாலே அது சூடாகி, வோல்ட் சரிந்துவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். ட்ரில்லுக்கு மட்டும் போடுவாய், ஒரு வருடம் ஓடிவிடும், அதற்குள் நல்லதை வாங்கி மாற்றிவிடலாம் என்று எண்ணினேன். நீ அதைச் சர்குலர் சாவில் போட்டாய். காக்கநாட்டில் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பாதி அறுப்பில் மெஷின் நின்று நின்று போனதும், மேஸ்திரி எல்லோர் முன்னாலும் உன்னை ஏசியதும், அந்த வேலை கைவிட்டுப் போனதும், நீ போனில் அழாத குறையாகச் சொல்லி நான் கேட்டவை. கம்பெனி ஏமாற்றிவிட்டது அப்பா என்று நீ சொன்னபோது, கம்பெனிகள் எல்லாம் இப்படித்தான் என்று நான் பதில் சொன்னேன். அன்று முதல் நீ அந்தக் கம்பெனியை எல்லோரிடமும் பழித்துப் பேசி வருகிறாய். இப்போது கடன் எடுத்து மாறப் போகிறாய். உன் மெஷின்களில் குற்றமில்லை. அந்தக் கம்பெனியின் மேலும் குற்றமில்லை.

நீ பேட்டரியைத் திறந்து பார்த்துவிட்டாயோ, அதனால்தான் ஓணத்துக்கு வரவில்லையோ என்றும் நினைத்தேன். திறந்திராவிட்டால் இப்போது நான்கையும் கவிழ்த்துப் பார். கம்பெனித் திருகுகள் எல்லாம் ஆறு முனைக் குழி உள்ளவை. இரண்டு பேட்டரிகளில் மட்டும் ஒரு மூலையில் கூட்டல் குறி போட்ட சாதாரணத் திருகு இருக்கும். அன்று ஒரிஜினல் திருகு தொலைந்துபோனதால் நான் போட்டது. அந்த இரண்டையும் இனிச் சார்ஜில் போடாதே. மெஷினிலும் போடாதே. பெரும்பாவூர்ப் பையனுக்கு எக்காரணம் கொண்டும் கொடுத்துவிடாதே. அவனும் எங்கோ ஓர் அறையில் நான்கு பேரோடு படுத்து உறங்குகிறவனாகத்தான் இருப்பான். ஓர் இரும்பு வாளியில் காய்ந்த மணலைப் போட்டு, அதற்குள் இரண்டையும் வைத்து, அறைக்கு வெளியே, மழை படாத இடத்தில் வை. குப்பைத் தொட்டியில் போட வேண்டாம்.

கம்பெனி மாறுவதா வேண்டாமா என்பதை இதற்குப் பிறகு நீயே முடிவு செய்துகொள். நான் மேலே எழுதிய கணக்கு எல்லாம் சரியான கணக்குத்தான், ஆனால் அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை. உன் பணத்துக்கு ஈடாக அதே வரிசையில் இரண்டு புதிய பேட்டரிகளை நேற்று நாகர்கோவிலில் வாங்கிவிட்டேன். பில் உன் பெயரில் இருக்கிறது, வாரண்டி சீட்டும் இருக்கிறது. மாறித்தான் ஆக வேண்டும் என்று நீ நினைத்தால், பெட்டியைப் பிரிக்காமலே மெஷின்களோடு சேர்த்து விற்றுக்கொள், நல்ல விலை கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் குழித்துறையிலிருந்து புறப்பட்டுக் கொச்சிக்கு, கலூரில் உன் அறைக்கு வருகிறேன். இரண்டு 12 வோல்ட் கார் பல்புகளைத் தொடராக இணைத்துக் கொண்டுவருவேன். முற்றத்தில் வைத்துப் பழைய பேட்டரிகளில் மிச்சமிருக்கும் சார்ஜை முழுவதும் இறக்கி, பிரித்து, செல்களைத் தனித்தனியாகச் சுற்றி, பழைய பேட்டரி எடுக்கும் இடத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அன்று என்னைப் பார்க்க உனக்கு மனமில்லாவிட்டால், வேலைக்குப் போகும்போது அறைச் சாவியைக் கீழ்வீட்டு அம்மச்சியிடம் கொடுத்துவிட்டுப் போ. புதிய பேட்டரிகளையும் பில்லையும் அம்மாவின் உப்பேரி டின்னையும் உன் மேசைமேல் வைத்துவிட்டுப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிடுகிறேன். அதுவரை, மகனே, நல்ல பேட்டரியாக இருந்தாலும் இரவில் சார்ஜ் போட்டுவிட்டு உறங்காதே.

உன் அப்பா