வீடியோ அனுப்பிட்டா பாடம் நடத்தின மாதிரியா?

ஆசிரியர் அவர்களுக்கு, காலேஜ்ல கலப்பு முறைக் கல்வி (கொஞ்சம் நேர்லயும் கொஞ்சம் ஆன்லைன்லயும் பாடம் நடத்துறது) பத்தி நம்ம பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்தது, ஆனா ஃப்ளிப்டு கிளாஸ்ரூம்னா பாடத்தை வீடியோவா அனுப்புறதுன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க, அதான் எனக்கு ஒப்பல. பாடத்தை வீட்டுல வீடியோவுல பாத்துட்டு வந்து, கிளாஸ்ல கணக்கு, பயிற்சின்னு செய்யறதுதான் அது. 2007-ல அமெரிக்காவுல கொலராடோ பக்கம் ரெண்டு கெமிஸ்ட்ரி வாத்தியார்கள் இதை ஆரம்பிச்சப்போ லீவு போட்ட பசங்களுக்காகத்தான் வீடியோ எடுத்தாங்க, அப்புறம்தான் கிளாஸ் நேரம் முழுக்க கணக்கு போடவும் சந்தேகம் தீர்க்கவும் மிச்சமாகுதுன்னு புரிஞ்சுது. விஷயமே அந்த மிச்சமான நேரம்தான்.

என் பொண்ணு இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். ராத்திரி பதினொரு மணிக்கு மொட்டை மாடில ஒரு மூலைல சிக்னல் புடிச்சு 50 நிமிஷ வீடியோ பாக்குறா, நடுவுல டேட்டா தீந்து என் போன்ல ஹாட்ஸ்பாட் கேக்குறா (அன்னிக்கு எனக்கு சீரியல் போச்சு), காலைல கிளாஸுக்குப் போனா வாத்தியாருங்க அதே ஸ்லைடை மறுபடி போட்டு படிக்கிறாங்களாம். ஒரே பாடத்தை ரெண்டு தடவை கேட்டும் கிளாஸ்ல ஒரு கணக்கு கூட போடல.

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2021-லயே ஒரு பாடத்துல 40 சதவீதம் வரை ஆன்லைன்ல நடத்தலாம்னு சொல்லிடுச்சு, சரி. ஆனா வீடியோ பத்து நிமிஷத்துக்கு மேல போகக்கூடாது, டவுன்லோட் பண்ற மாதிரி இருக்கணும், அதைப் பாக்க டைம்டேபிள்லயே லேப்ல ஒரு பீரியட் ஒதுக்கணும்னு காலேஜுங்களுக்கு சொன்னா புண்ணியமா போகும்.

– ஒரு அம்மா, திருவண்ணாமலை மாவட்டம்